புதுப்பிப்பு: ஏலத்துக்கு வந்த நாடாளுமன்றப் பென்சில் படம்

லண்டன் காமன்ஸ் சபையில் (பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை) நடக்கும் கைகலப்பைக் காட்டும் படம் ஏலத்துக்கு வருகிறது, கையால் வரைந்ததா அச்சா என்று முன்பு கேட்டிருந்தேன். ஏலக்காரர்கள் பெரிய புகைப்படங்கள் அனுப்பினார்கள். சாய்வான வெளிச்சத்தில் கோடுகள் சாம்பல் நிறத்தில் பளபளக்கின்றன. ஓங்கிய கை ஒன்றை அழித்து வரைந்த தடமும் தெரிகிறது. சரி, பென்சில்தான்.

அதைவிடச் சுவாரசியம், படத்தில் உள்ள செங்கோல், அதாவது சபையின் அதிகாரச் சின்னம். சபாநாயகர் இருக்கையில் இருந்தால் அது மேசைமேல் இருக்கும். மசோதாவை விவரமாக ஆராய முழுச் சபையும் குழுவாகக் கூடினால் மேசைக்குக் கீழே போய்விடும். படத்தில் கீழேதான் கிடக்கிறது. 1893 ஜூலை 27 அன்று அயர்லாந்து தன்னாட்சி மசோதா விவாதத்தில் நடந்த அடிதடியும் சபை இப்படிக் குழுவாகக் கூடியிருந்தபோதுதான். பொருந்துகிறது!

ஓவியரின் கையெழுத்து இல்லை, அதனால் ஆரம்ப விலை குறைவு. கமிஷனையும் கணக்கில் சேர்த்து, எனக்குக் கட்டுப்படியாகும் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.