இரவில் சுட்ட சுவரும் நாங்கள் கட்டிய வீடும்

தக்கலைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு ஹாலோ பிளாக் கட்டடம். சித்திரை மாதம் இரவு பத்து மணிக்கும் மேற்குச் சுவர் சுடும். அம்மா கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுத்தான் படுப்பார்கள். சொந்த வீட்டுக்கு வானம் தோண்டும்போதே, இந்தச் சூடு கூடாது என்று முடிவு செய்துவிட்டேன்.

கீழ்த்தளம் 'ராட் டிராப்' (எலிப்பொறி) கட்டு. திருவனந்தபுரத்தில் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை. செங்கல்லைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் பொள்ளல் விட்டுக் கட்டுவார்கள். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான். செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று சூட்டை எளிதில் கடத்தாது. கொத்தனாருக்கு இது புதிது. "அண்ணாச்சி, இது நிக்குமா?" என்று இரண்டு தடவை கேட்டார். முதல் நாள் பொள்ளலுக்குள் சாந்து விழுந்துகொண்டே இருந்தது. அது இரு பக்கத்தையும் ஒட்டிவிட்டால் சூடு அதன் வழியாகவே உள்ளே வந்துவிடும். அப்புறம் பொள்ளல்மேல் ஒரு பலகையை வைத்துச் சாந்து போட்டோம், சரியாக வந்தது.

மாடியில் மேற்குப் படுக்கையறைக்கு மட்டும் ஏ.ஏ.சி. பிளாக், அதாவது உள்ளே நுண்ணிய காற்றுக் குமிழ்கள் நிறைந்த கான்கிரீட் கல். செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். சூடு கடத்துவதும் மிகக் குறைவு. நம் ஊரில் இது முக்கியம். கடல்காற்றின் ஈரத்தால் இரவிலும் வெக்கை பெரிதாக இறங்குவதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கனமான சுவர், நாம் படுக்கும் நேரத்தில் அதை அறைக்குள் விடுகிறது. இந்த அறையில் அம்மா கட்டிலைச் சுவரோடு சேர்த்தே போட்டிருக்கிறார்கள்.

ஒரு தவறு நடந்தது. ஏ.ஏ.சி. பிளாக் தண்ணீரை வேகமாக உறிஞ்சும். அது தெரியாமல் காய்ந்த பிளாக்மேல் பூசியதால் பூச்சு வெடித்தது. ஆனிச் சாரலில் வெடிப்பு வழியாக ஈரம் இறங்கி, அந்தப் பக்கம் முழுவதும் கொத்திப் பூச வேண்டியதாயிற்று. நனைந்த சுவர் சூட்டையும் கூடுதலாகக் கடத்தும். மேற்கே அகலமான சன்ஷேடு வைத்த பிறகுதான் மழை, வெயில் இரண்டுக்கும் நிம்மதி. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் தாழ்ந்த கூரையையும் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடித்த அழிகளையும் பாருங்கள். வெயில் சுவரைத் தொடாமல், காற்று மட்டும் உள்ளே வரும்.

இப்போது மாடியறைக்குச் சூடு வருவது மட்டுப்பாவிலிருந்துதான் (மொட்டைமாடித் தளம்). வெள்ளையடித்ததில் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அடுத்த கோடைக்குள் மேலே ஓட்டுக்கூரை போட்டுவிட வேண்டும்.