குளுக்கோஸ் விட்டதும் ஹெக்சோகைனேஸ் படிகம் உடைகிறது, ஏன்?

சொட்டுமருந்து:
ஈஸ்டின் ஹெக்சோகைனேஸை (குளுக்கோஸைப் பிடிக்கும் நொதி) படிகமாக்க ஆறு மாதமாக மல்லுக்கட்டுகிறேன். தொங்கு சொட்டு முறைதான் (மூடியின் அடியில் தொங்கும் சொட்டு மெல்ல வற்றிப் படிகம் வரும்), 1 மைக்ரோலிட்டர் புரதம், 1 மைக்ரோலிட்டர் அம்மோனியம் சல்ஃபேட் கரைசல், தட்டிலுள்ள சிறு குழியின் விளிம்பில் கிரீஸ் தடவி மூடியாயிற்று. போன வாரம்தான் ஓரம் கூர்மையாக நல்ல படிகங்கள் வந்தன. குளுக்கோஸ் உட்கார்ந்திருக்கும் அமைப்பைப் பார்க்கலாமே என்று அதே சொட்டில் கொஞ்சம் குளுக்கோஸ் விட்டேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறுக்கே ஒரு கோடு, அப்புறம் இன்னொன்று, ஒரு நிமிடத்தில் தவிடுபொடி. மூன்று தட்டிலும் இதே கதை. என் கைதான் சரியில்லையா?

உப்புக்கல்:
முதலில் அது புரதம்தானா? நான் ஒரு மாதம் உப்புப் படிகத்தைப் புரதம் என்று நினைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தவன். ஊசியால் தொட்டுப் பாருங்கள், உப்பு சுலபத்தில் உடையாது, உடைந்தால் டக்கென்று தெறிக்கும். புரதப் படிகத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர், மெத்துமெத்தென்று நொறுங்கும். மெத்திலீன் நீலச் சாயமும் ஏறும்.

சொட்டுமருந்து:
நீலம் ஏறியது. புரதம்தான்.

பழைய தட்டு:
அப்படியென்றால் உங்கள் கையில் குறையில்லை, உடையாமல் இருந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன். இந்த நொதிக்கு இரண்டு மடல், நடுவில் ஒரு பிளவு. குளுக்கோஸ் பிளவுக்குள் வந்ததும் ஒரு மடல் 12 டிகிரி திரும்பி மூடிக்கொள்ளும். ஆய்வாளர்கள் பென்னெட்டும் ஸ்டைட்ஸும் 1978-இல் காட்டியது இதைத்தான், சில இடங்களில் 8 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வரை நகர்வு. படிகத்துக்குள் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்து ஆள்மேல் சாய்ந்துதான் நிற்கிறது. நெரிசலான பஸ்ஸில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முழங்கையை மடக்கினால் என்ன ஆகும்?

படிகத்தைக் குளுக்கோஸில் ஊறவைப்பதை விடுங்கள். புரதத்தோடு முதலிலேயே குளுக்கோஸைக் கலந்து, மூடிய வடிவத்தையே படிகமாக்குங்கள். பழைய கரைசல் ஒத்துவராமல் போகலாம், மூடிய வடிவம் வேறு மாதிரி அடுக்கிக்கொள்ளும், ஆகவே ஏற்ற கரைசலுக்கான தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். உடைந்தவற்றைத் தூக்கிப் போட்டாலும் குளுக்கோஸ் படாதவற்றை வைத்திருங்கள், திறந்த வடிவத்துக்கு அவைதான் வேண்டும். அவற்றை உறையவைக்கும்போது பனிக்கட்டி பிடிக்காமலிருக்கக் கிளிசரால் சேருங்கள், பழக்கதோஷத்தில் அதற்குப் பதிலாகக் குளுக்கோஸைச் சேர்த்துவிடாதீர்கள்!

உப்புக்கல்:
ஈஸ்டிலிருந்தே பிரித்தெடுத்ததா? அதன் புரோட்டியேஸ்கள் (புரதத்தை வெட்டும் நொதிகள்) உங்கள் புரதத்தின் முனையைக் கத்தரித்துவிடும். ஜெல்லில் ஓட்டி, அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சொட்டுமருந்து:
ஆமாம், ஈஸ்டிலிருந்துதான். நாளை ஜெல். இன்று குளுக்கோஸோடு நான்கு தட்டு போட்டேன். இதுவரை எல்லாம் தெளிந்த சொட்டுதான், படிகம் வரவில்லை.