சுவிஸ் போகும்போது 35 கிலோ மளிகை கட்டுவது அவ்வளவு பெரிய குற்றமா?

காட்பாடி_காந்திநகர்:
வணக்கம். மே மாதம் நாங்கள் ஆறு பேர் (நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா) சுவிட்சர்லாந்து போகிறோம். இன்டர்லாக்கனில் சமையலறையோடு கூடிய வீடு, 10 நாள் வாடகைக்கு. ஆரணி பச்சரிசி, புழுங்கலரிசி, துவரம்பருப்பு, வறுத்த ரவை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய், அப்பாவுக்குக் கேழ்வரகு மாவு, நெய் என்று பட்டியல் போட்டேன். 35 கிலோ வந்தது. பெங்களூரில் இருக்கும் மச்சான் பார்த்துவிட்டு, "மாமா, டூர் போறீங்களா, கடை வைக்கப் போறீங்களா?" என்கிறார்.

என் கணக்கைப் பாருங்கள். அங்கே ஓட்டலில் சாதாரணச் சாப்பாடே 20, 25 பிராங்க். ஒரு பிராங்க் நூறு ரூபாய்க்கு மேல். ஆறு பேருக்கு ஒரு வேளைக்கு 15,000 ரூபாய். இரண்டு வேளை, பத்து நாள், மூன்று லட்சம். அப்பாவுக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ இருக்கிறது. அதில் அரிசி கொண்டுபோனால் யாருக்கு என்ன நஷ்டம்?

பாகாயம்_அக்கா:
தம்பி, ஒரே ஒரு கேள்வி. அந்த அரிசியைச் சமைக்கப்போவது யார்? பட்டியலில் பருப்புக்கும் பொடிக்கும் இடம் இருக்கிறது, சமைக்கிற ஆளுக்கு இல்லையே.

இரண்டு வருஷம் முன்பு நாங்களும் இப்படித்தான் கிரிண்டல்வால்டில் வீடு எடுத்தோம். ஐகர் மலை அந்த ஊருக்கு நேர் எதிரே நிற்கும். நான் அதைப் பார்த்ததெல்லாம் சிங்குக்கு மேலே இருந்த ஜன்னல் வழியாகத்தான். காலையில் பொங்கல், உடனே மதியத்துக்குப் புளிசோறு கட்டு, சாயந்திரம் வந்தால் ரசம், அப்புறம் பாத்திரம். அங்கே வேலைக்கு வரும் அம்மாவும் கிடையாது. மலை உச்சிக்குப் போன படங்களில் நான் இருப்பேன். ஆனால் கையில் தூக்குச்சட்டி இருக்கும். ஊருக்கு வந்ததும் மாமியார் எல்லாரிடமும் சொன்னது, "அங்க போயும் ஒரு நாள்கூட வெளியில சாப்பிடல." அது பாராட்டாம்.

லாங்பஜார்_மளிகை:
அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் வீட்டு வேலைப் பங்கீட்டில் வந்த சிக்கல், அரிசி என்ன பாவம் செய்தது? ஆம்பளைகள் சமைக்கட்டும், நானே கடை மூடிய பிறகு வீட்டில் குழம்பு வைக்கிறவன். அதற்காக வயசானவர்கள் பத்து நாள் ரொட்டியும் சீஸும் தின்று மலச்சிக்கலில் கிடக்க வேண்டுமா?

நம் ஆட்கள் கட்டுச்சோறு இல்லாமல் எப்போது வெளியே போனார்கள்? காட்பாடியில் திருப்பதி ரயில் ஏறும்போதே புளிசோற்று மூட்டையைத் தேடுவோம். தூரம் கூடினால் மூட்டையும் கூடும், அவ்வளவுதான். நான் மளிகைக்காரன், எனக்கு வியாபாரம் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

ஆம்பூர்_பாய்:
நீங்கள் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பட்டியலில் இருந்து நெய்யை அடியுங்கள்.

தோல் வியாபாரத்துக்காக இத்தாலியில் இருக்கும் மிலானுக்கு அடிக்கடி போகிறவன் நான். முதல் தடவை அங்கிருக்கும் வாடிக்கையாளருக்கு ஆற்காடு மக்கன் பேடா ஒரு கிலோ வாங்கிப் போனேன். இறங்கிய இடத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். "உள்ளே பாலா?" என்றார்கள், பால்கோவா என்றேன். என் கண் முன்னாலேயே குப்பைத்தொட்டியில் போட்டார்கள். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. நம் நாட்டில் இருந்து கறி, பால், பாலில் செய்தது எதுவும் பயணி கையில் கொண்டுபோகக் கூடாது, ஐரோப்பிய ஒன்றியத்திலும் சரி, சுவிஸிலும் சரி. மாட்டுக்கு வரும் கோமாரி போன்ற நோய் உள்ளே வந்துவிடும் என்ற பயம். கைக்குழந்தைப் பால்பவுடர் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஒன்றிய நாடுகளில் மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதி. நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு வரவேற்பு!

கறிவேப்பிலைக் கொத்து, பச்சை மிளகாய், முருங்கைக்காய் எல்லாம் சான்றிதழ் இல்லாமல் போகாது. முள் கத்திரிக்காயை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். இன்னொன்று, வழியில் துபாயில் இறங்கி ஒருநாள் தங்குவதாக இருந்தால் கசகசா ஒரு மணிகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. அங்கே அது போதைப்பொருள் கணக்கு.

லாங்பஜார்_மளிகை:
பாய் சொன்னதோடு கொப்பரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் பசை இருப்பதால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு என்று பெட்டியில் போட விடுவதில்லை. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில்தான்.

சூரிக்_குடியாத்தத்தான்:
குடியாத்தத்தில் பிறந்து இங்கே வேலை பார்க்கிறேன். ஊரில் இருந்து வருகிற சொந்தக்காரர்கள் அரிசி மூட்டையோடு இறங்குவதைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஈழத் தமிழர்கள் 80களில் இருந்து இங்கே வந்து குடியேறியவர்கள். சூரிக்கிலும் பெர்னிலும் அவர்கள் கடைகளில் புழுங்கலரிசி, கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் கிடைக்கும். விலை நம் ஊர் விலை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாஸ்மதி, பருப்பு, காய், தயிர் சாதாரண மிக்ரோஸ், கோப் கடைகளிலேயே கிடைக்கும். தயிர் நன்றாகவே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையக் கடைகளைத் தவிரப் பெரும்பாலும் எல்லாம் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

இரண்டு விஷயம் யாரும் சொல்லவில்லை. வாடகை வீடுகளில் பெரும்பாலும் கரண்ட் அடுப்புதான், பல இடங்களில் இண்டக்‌ஷன். நம் அலுமினிய குக்கர் அதில் சூடே ஏறாது, அடி தட்டையான ஸ்டீல் குக்கர் வேண்டும். எலெக்ட்ரிக் குக்கர் கொண்டுவந்தால் மின்சாரம் இரண்டு ஊரிலும் 230 வோல்ட்தான், ஆனால் நம் குண்டு மூன்று முள் பிளக் இங்கே நுழையாது. அடுத்தது தாளிப்பு. என் சித்தி சென்ற வருஷம் காய்ந்த மிளகாயைக் கருக விட்டு, புகை அலாரம் அடித்து, மாடியில் இருந்தவர்கள் இரவு உடையோடு தெருவுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் வாசனை போகவில்லை என்று முன்பணத்தில் பிடித்தம் வேறு செய்தார்.

காட்பாடி_காந்திநகர்:
நெய் அடித்துவிட்டேன், நன்றி பாய். ஆனால் அரிசி விஷயத்தில் சூரிக் தம்பியோடு ஒத்துப்போக முடியவில்லை. அப்பாவுக்கு பாஸ்மதி ஒத்துக்கொள்ளாது. அஞ்சு கிலோவாவது கொண்டுபோகிறேன்.

பாகாயம்_அக்கா:
அப்பாவுக்கா, உங்களுக்கா? போன வாரம் ஆம்பூரில் பிரியாணி தின்ற படத்தை நீங்கள்தான் இங்கே போட்டீர்கள், பக்கத்தில் அப்பாவும் இருந்தார். சீரகச் சம்பா ஒத்துக்கொள்கிறவருக்கு பாஸ்மதி என்ன செய்யும்? சர்க்கரைக்காரர் அளவாகத்தான் சாப்பிட வேண்டும், அது எந்த அரிசியானாலும்.

நான் பொடிக்கு எதிரி இல்லை. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரவை, அந்தக் கேழ்வரகு மாவு, ஆறேழு கிலோ போதும். ஒரு வேளை வீட்டில், ஒரு வேளை கையில் கிடைத்தது. மூன்று வேளையும் சமையல் என்று திட்டம் போட்டால் அதற்குப் பெயர் விடுமுறை இல்லை. காட்பாடி அடுப்பை அங்கே மாற்றி வைக்கிறீர்கள்.

லாங்பஜார்_மளிகை:
ஒரு வேளை வெளியே என்றாலும் பத்து நாளைக்கு ஒன்றரை லட்சம் அக்கா. அதை யார் கொடுப்பார்? மாச சம்பளக்காரர் வருஷக்கணக்கில் சேர்த்து ஒரு தடவை போகிறார்.

சூரிக்_குடியாத்தத்தான்:
அண்ணா, வெளியே என்றால் நாற்காலி போட்ட ஓட்டல்தானா? கடையில் ரொட்டி, தக்காளி, சீஸ், பழம் வாங்கி ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆறு பேருக்கு 40 பிராங்க் ஆகாது. தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டாம், தெருக் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம். பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு அதுதான் பிடிக்கும்.

ஆம்பூர்_பாய்:
அதற்கு நான் சாட்சி. மிலானில் நான் உயிர் வாழ்வதே அப்படித்தான். எனக்கு ஹலால் பார்க்க வேண்டும், கையில் எப்போதும் அவல், வறுத்த வேர்க்கடலை, ஒரு பாட்டில் எள்ளுப்பொடி. மற்றது அங்கே.

காட்பாடி_காந்திநகர்:
நேற்று இரவு இந்த உரையாடலை மனைவியிடம் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது. பாகாயம் அக்கா எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, "அரிசி எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க. பத்து நாளும் நான் அந்தக் கிச்சனுக்குள்ள வரமாட்டேன்" என்றாள். அம்மா ஒன்றும் சொல்லாமல் சிரித்தார்கள்.

பட்டியல் இப்போது ஒன்பது கிலோ. அரிசி ஒன்றரை கிலோ. இனி என் சந்தேகம்: குக்கர் இல்லாமல் சாதம் குழையாமல் வடிப்பது எப்படி?

லாங்பஜார்_மளிகை:
அரை மணி ஊற வையுங்கள், நிறையத் தண்ணீரில் கொதிக்க விடுங்கள், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து வடியுங்கள். மூடியைத் துணியால் பிடியுங்கள். போகும் முன் நாலு தடவை வீட்டில் பழகுங்கள், கஞ்சி காலில் ஊற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் ஏற முடியாது.

பாகாயம்_அக்கா:
அவர் பழகுகிற நாலு நாளும் உங்கள் மனைவி எங்கே சாப்பிடுவார்? எங்கள் வீட்டுக்கு அனுப்புங்கள்.

காட்பாடி_காந்திநகர்:
அனுப்புகிறேன் அக்கா. இன்னொரு அவசரக் கேள்வி பாய். இன்று பெட்டியைத் திறந்தால் பெண்ணின் ஸ்வெட்டருக்குள் ஒரு டப்பா தாளிப்பு வடகம். அம்மா வைத்திருக்கிறார்கள். வெங்காயமும் விளக்கெண்ணெயும் சேர்ந்து பெட்டி முழுக்க வாசனை. இது போகுமா?

ஆம்பூர்_பாய்:
காய்ந்த சரக்குதானே, பாலும் இல்லை, கறியும் இல்லை. கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்வெட்டரை மட்டும் வேறு பெட்டியில் வையுங்கள்.

சூரிக்_குடியாத்தத்தான்:
தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள் அண்ணா. எனக்கும் ரெண்டு உருண்டை எடுத்து வையுங்கள், இன்டர்லாக்கனுக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்.