இயங்கிக்கொண்டிருக்கும் கேவிஎம் கணினியில் ஐஎஸ்ஓ கோப்பை நிரல் வழியாக ஏற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். அலுவலக வழங்கி ஒன்றில், லினக்ஸின் மெய்நிகராக்கத் தொழில்நுட்பமான கேவிஎம் மூலம் இயங்கும் உபுண்டு மெய்நிகர் கணினியில், என் மடிக்கணினியில் உள்ள ஐஎஸ்ஓ கோப்பு (குறுவட்டின் முழு நகல்) ஒன்றை, மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்க உதவும் பைத்தானின் லிப்வர்ட் நூலகத்தைக் கொண்டு ஏற்ற முயல்கிறேன். எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு முறை) வழியான இணைப்பு சரியாகவே கிடைக்கிறது. ஆனால் குறுவட்டு இயக்கியை விவரிக்கும் எக்ஸ்எம்எல் உரையை எழுதி ‘அட்டாச்டிவைஸ்’ என்பதை அழைத்தால், சாட்டா (வட்டு இயக்கிகளை இணைக்கும் இடைமுகம்) சாதனத்தை இயக்கத்தின்போது சேர்க்க இயலாது என்ற பொருளில் பிழை வருகிறது. கணினியை நிறுத்திவிட்டு அமைப்பில் சேர்த்துத் தொடங்கிப் பார்த்தேன். அப்போது கோப்பே இல்லை என்கிறது. கோப்போ என் கண்ணெதிரே இருக்கிறது. நான் எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1

உங்களிடம் இருப்பவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். முதலாவது, ஐடிஇ, சாட்டா ஆகிய இடைமுகங்களில் குறுவட்டு இயக்கியையே ஓடும் கணினியில் புதிதாகப் பொருத்த முடியாது. கணினி தொடங்கும்போதே வெற்று இயக்கி ஒன்று இருக்க வேண்டும், அதன் பிறகு வட்டை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அதற்கான அழைப்பு ‘அப்டேட்டிவைஸ்ஃப்ளாக்ஸ்’. எக்ஸ்எம்எல்லில் அந்த இயக்கியைக் குறிக்கும் அதே ‘டார்கெட்’ பெயருடன், ‘சோர்ஸ்’ பகுதியில் புதிய கோப்பின் பாதையை இட்டு அனுப்பினால் போதும்.

இரண்டாவது, நீங்கள் எழுதும் பாதையைத் திறப்பது உங்கள் நிரல் அன்று, வழங்கியில் ஓடும், மெய்நிகர் கணினியை இயக்கும் மென்பொருளான கியூஇஎம்யூ. மடிக்கணினியின் பாதை அதற்கு எப்படித் தெரியும்? கோப்பு முதலில் வழங்கிக்குச் சென்றாக வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியே கோப்புகளை அனுப்பும் எஸ்சிபி கட்டளையால் நகலெடுக்கலாம். ஆனால் அதை உங்கள் வீட்டுக் கோப்புறையில் வைத்துவிடாதீர்கள். கியூஇஎம்யூ தனிப் பயனர் ஒருவரின் பெயரில் இயங்குவதால், அந்தக் கோப்புறைக்குள் நுழையும் அனுமதி அதற்குப் பெரும்பாலும் இராது, வரும் பிழைச்செய்தியும் உங்களைத் திசைதிருப்பும்.

மறுமொழி 2

எல்லாவற்றையும் நிரலிலேயே முடிக்க விரும்பினால், எஸ்சிபியும் தேவையில்லை. லிப்வர்ட்டின் சேமிப்புத் தொகுதியில், அதாவது ‘பூல்’ என்பதில், ஐஎஸ்ஓவின் பைட் அளவுக்குச் சமமான ‘வால்யூம்’ (சேமிப்பு அலகு) ஒன்றை உருவாக்கி, ‘நியூஸ்ட்ரீம்’ கொண்டு ஓடை ஒன்றைத் திறந்து, வால்யூமின் ‘அப்லோட்’, ஓடையின் ‘செண்ட்ஆல்’, ‘ஃபினிஷ்’ என்ற வரிசையில் அழையுங்கள். கடைசி அழைப்பைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பரிமாற்றம் பிழையின்றி முடிந்ததா என்பது அதில்தான் உறுதியாகும். பிறகு வால்யூமின் ‘பாத்’ தரும் பாதையையே எக்ஸ்எம்எல்லில் இடுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. வெற்று இயக்கியைச் சேர்த்து ஒருமுறை நிறுத்தித் தொடங்கிய பின், பதிவேற்றமும் வட்டு மாற்றமும் பிழையின்றி முடிந்தன. ஆனாலும் மெய்நிகர் கணினிக்குள் கோப்புகள் எதுவும் தென்படவில்லையே?

மறுமொழி 1

வட்டை இயக்கிக்குள் இடுவது வேறு, இயங்குதளம் அதை ஏற்றுவது வேறு. பணிமேசைச் சூழல் இல்லாத உபுண்டுவில் அது தானாக நடப்பதில்லை. உள்ளே சென்று ‘/டெவ்/எஸ்ஆர்0’ என்பதை ‘மவுண்ட்’ செய்ய வேண்டும். உள்ளே கியூஇஎம்யூ கெஸ்ட் ஏஜென்ட் (வெளியிலிருந்து வரும் கட்டளைகளை உள்ளே நிறைவேற்றும் நிரல்) நிறுவப்பட்டிருந்தால், ‘கெஸ்ட்-எக்செக்’ மூலம் இதையும் வெளியிலிருந்தே செய்யலாம். வட்டை எடுக்கும்போது முறை தலைகீழ்: முதலில் உள்ளே ‘அன்மவுண்ட்’ செய்யுங்கள், இல்லையேல் தட்டு பூட்டப்பட்டுள்ளது என்று லிப்வர்ட் மறுக்கும். அழைப்பில் சேர்க்கக்கூடிய, கட்டாயப்படுத்தும் கொடி (விருப்பக் குறி) ஒன்றும் உண்டு. கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும் கணினியில் அதைப் பயன்படுத்துவதை நான் விரும்புவதில்லை.

மறுமொழி 2

மாற்றத்தை ‘லைவ்’ கொடியுடன் மட்டும் செய்தால், கணினி அணைந்ததும் அது மறைந்துவிடும். மாற்றத்தை நிலையான அமைப்பிலும் சேமிக்கும் ‘கான்ஃபிக்’ கொடியையும் சேர்த்துவிட்டு, பின்னொரு நாள் இடம் போதவில்லை என்று ஐஎஸ்ஓவை அழித்தால், அடுத்த முறை அந்தக் கணினி தொடங்கவே மறுக்கும். அத்தகைய இடங்களில் ‘சோர்ஸ்’ பகுதியில் ‘ஸ்டார்ட்அப்பாலிசி’ மதிப்பை ‘ஆப்ஷனல்’ என்று வைத்துவிடுங்கள், கோப்பு இல்லாவிட்டாலும் கணினி தொடங்கும்.