தீயும் புகையும் அனலும் செய்தியில் படும் பாடு: உங்கள் அனுபவம்?

இரவுப்பணி:
நாளிதழில் செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கில் காலம் தள்ளியவன் என்பதால் நானே ஆரம்பித்து வைக்கிறேன். விபத்துச் செய்தியில் 'புகை' என்றால் புகைதான். அரசியல் பக்கத்தில் 'கட்சிக்குள் புகைச்சல்' என்றால் யாருக்கோ பதவி கிடைக்கவில்லை என்று அர்த்தம். வாசகருக்கு இதில் ஒரு குழப்பமும் கிடையாது, பக்கம் போடும் எங்களுக்குத்தான் தலைவலி. ஒரு இரவு முதல் பக்கத்தில் உயிர்ப்பலி வாங்கிய தீ விபத்து. அதற்குப் பக்கத்துப் பத்தியிலேயே 'அனல் பறந்த பிரசாரம்' என்று ஒரு தலைப்பு. செய்தி ஆசிரியர் வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. 'அனல் பறந்த' என்பதை அடித்துவிட்டு 'தீவிர' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதேபோல ஊர் தண்ணீரில் மிதக்கும் வாரத்தில் 'மக்கள் வெள்ளம்' பக்கத்தில் ஏறாது. எழுதி வைக்காத சட்டம் இது. உங்கள் பக்கத்துக் கதைகளையும் சொல்லுங்கள்.

பழைய நிருபர்:
நான் போய்ச் சேர்ந்தபோது கிடங்குத் தீ அணைந்துவிட்டது. 'விண்ணை முட்டிய தீப்பிழம்பு' என்று எழுதச் சொல்லி அலுவலகத்திலிருந்து போன். நான் பார்க்காத பிழம்பை எப்படி எழுதுவது? அங்கே இருந்தது நனைந்த சாம்பலின் நெடி. உருகிய பிளாஸ்டிக் காற்றில் கலந்து, வாயை மூடினாலும் தொண்டை கசந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் ஷட்டரைத் திறக்கும் முன் கையுறையைக் கழற்றி, புறங்கையை அதன் அருகே கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். அதைத்தான் எழுதினேன், அப்படியே வந்தது. அதே இதழில் விளையாட்டுப் பக்கத்தில் 'கசப்பான தோல்வி'. நம் தொழில் இப்படித்தான், என்ன செய்வது!

ஒலிவாங்கி:
இதழியல் வகுப்பில் போட்டுக் காட்டிய ஒரு செய்தி எனக்கு இன்னும் பாடம். 1984 அக்டோபரில் பிபிசிக்காக மைக்கேல் பர்க் எத்தியோப்பியாவின் கோரெமிலிருந்து கொடுத்த பஞ்சச் செய்தி அது. முதல் வாக்கியத்திலேயே விடியலையும், சமவெளியில் ஊடுருவும் இரவுக் குளிரையும் சொல்லிவிடுகிறார். அது மலைநாட்டு நிஜக் குளிர், அலங்காரம் இல்லை. விவிலியத்தில் வரும் பஞ்சம், அதுவும் 20ஆம் நூற்றாண்டில் என்கிற பொருளில் உருவகம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. உடம்புக்கு உறைத்த பிறகு வருவதால் மிகையாகத் தெரியவில்லை. வரிசையை மாற்றிப் படித்துப் பாருங்கள், மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். 1945இல் பூக்கன்வால்ட் வதைமுகாமைப் பார்த்துவிட்டு வானொலியில் பேசிய அமெரிக்கச் செய்தியாளர் எட்வர்ட் மரோ, கண்டதில் பெரும்பகுதிக்குத் தன்னிடம் சொற்களே இல்லை என்றார். கண்ட காட்சிகளை அடுக்கிய பிறகு சொன்னதால் அது எடுபட்டது. எதையும் பார்க்காமலே 'சொல்ல வார்த்தைகள் இல்லை' என்று ஆரம்பிப்பவர்களை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வெறும் வாசகன்:
நான் பத்திரிகைக்காரன் இல்லை. ஒரு பேருந்து கவிழ்ந்தபோது அருகில் இருந்தவன். நிருபர் கேட்ட முதல் கேள்வியே "சத்தம் பயங்கரமா இருந்துச்சா?" என்பதுதான். பெரிய சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை, இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, உள்ளே யாருடைய போனோ விடாமல் அடித்தது என்றேன். குறித்துக்கொண்டார். மறுநாள் நான் சொன்னதாகவே அச்சில் வந்தது: 'காதைப் பிளக்கும் சத்தம்'. போனைப் பற்றி ஒரு வரி இல்லை.

இரவுப்பணி:
அந்த போன்தான் ஐயா செய்தி. டெஸ்க்கில் யாரோ வெட்டியிருக்கவும் வாய்ப்புண்டு, நிருபரை மட்டும் திட்டாதீர்கள்.

வணிகப் பக்கம்:
எங்கள் பக்கத்தில் 'ரத்தக்களரி' என்றால் பங்குச்சந்தை சரிந்தது, அவ்வளவுதான். 'தகவல் கசிந்தது', 'சலசலப்பு' எல்லாம் தேய்ந்துபோய்விட்டன, அவை இருந்துவிட்டுப் போகட்டும். ரத்தத்தை மட்டும் போர்ச் செய்தி எழுதுகிறவர்களுக்கு விட்டுக்கொடுங்கள் என்று கூட்டத்தில் சொல்லிப் பார்த்தேன். சரி என்றார்கள். அடுத்த சரிவுக்கு வந்த தலைப்பு: 'முதலீட்டாளர்கள் ரத்தக்கண்ணீர்'.