பிசியோ நின்னு போச்சு, பையன் கால் இறுகிக்கிட்டே வருது. வீட்ல என்ன செய்யலாம்?

ஏரியூர் அம்மா:
பையனுக்கு 9 வயசு, மூளை முடக்குவாதம். முன்ன வட்டார வள மையத்துக்கு வாரா வாரம் பிசியோ மேடம் வருவாங்க. அப்புறம் மாசத்துக்கு ஒருக்கா. இப்ப அதுவும் இல்ல. கேட்டா "ஃபண்டு வரலைம்மா"ங்கறாங்க. அவங்க சம்பளமே இழுத்தடிக்குதாம், அவங்களப் போயி என்னத்தச் சொல்ல. குதிகால் தரையில படமாட்டேங்குது. கணுக்காலைப் பிடிச்சு நிறுத்தற ஏஎஃப்ஓ பட்டை சின்னதாப் போச்சு. தர்மபுரி மெடிக்கல் காலேஜுக்குப் போகலாம்தான், ஆனா இந்தப் பிள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு பென்னாகரத்துல பஸ் மாறணும். உதவித்தொகை 2000 ஆட்டோவுக்கே சரியாப் போகுது. "வளந்தா சரியாயிடும்"னு மட்டும் யாரும் சொல்லாதீங்க, அதுக்கு எங்க மாமியார் இருக்காங்க.

ஊத்தங்கரை அப்பா:
ஒன்றிய அரசோட பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலைன்னு, 2024-25க்கான சமக்ர சிக்‌ஷா (பள்ளிக்கல்வித் திட்டம்) பணம் 2152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்துச்சுல்ல, சிறப்பு ஆசிரியர், பிசியோ சம்பளமெல்லாம் அந்தத் திட்டத்துலதான். சண்டை மேல, அடி நம்ம பிள்ளைங்களுக்கு. நிராமயான்னு மூளை முடக்குவாதம் மாதிரி குறைபாடு உள்ளவங்களுக்கு ஒன்றிய அரசோட மருத்துவக் காப்பீடு இருக்கே, போட்டீங்களா? வருஷம் 1 லட்சம் வரைக்கும், தெரபிக்கும் உண்டு. பில் மட்டும் பத்திரம்.

பாலக்கோடு டீச்சர் (சிறப்பு ஆசிரியர்):
மூளை முடக்குவாதம் இருக்கற பிள்ளைங்களுக்கு வளர்ற வயசுல எலும்பு நீளுற வேகத்துக்கு இறுகின தசை நீளாதுங்க, அதான் இறுகுது. வெந்நீர்ல குளிக்க வெச்சதும் முட்டியை நீட்டிப் பிடிச்சு, குதிகாலை உள்ளங்கையில வாங்கி, முன்னங்கையால பாதத்தை மெதுவா மேல தள்ளி அரை நிமிஷம் நிறுத்துங்க. விரல் நுனியைப் பிடிச்சுத் தள்ளக் கூடாது, நடுப்பாதம் வளைஞ்சுரும். அழுதா விட்டுருங்க. ஒரு தடவையாவது பிசியோகிட்ட நேர்ல காட்டிக் கத்துக்கிட்டு செய்யுங்க. புது ஏஎஃப்ஓவுக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல எழுதிக் கொடுங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 31ஆம் பிரிவுல 6லருந்து 18 வயசு வரை இலவசக் கல்வி உரிமை இருக்கு, திங்கக்கிழமை கலெக்டர் மனுவுல அதைக் குறிப்பிடுங்க.

ஏரியூர் அம்மா:
நிராமயா போடல, விசாரிக்கறேன். ஆனா இங்க பிசியோ பாக்கறவரு பில்லே தர்றதில்லயே. அப்புறம் மேடம், இங்க இன்னும் நாலு அம்மாங்க இருக்காங்க. எல்லாரும் ஒரே மனுவுல கையெழுத்துப் போடலாமா?

பாலக்கோடு டீச்சர்:
வேணாம்மா, தனித்தனியாவே கொடுங்க. ஒரே மனுன்னா ஒரே நம்பர், ஒரே பதில். அஞ்சு மனுன்னா அஞ்சுக்கும் பதில் எழுதியாகணும். ரசீதை வாங்காம வந்துராதீங்க. பில்லுக்கு, தேதி போட்ட சீட்டுல கையெழுத்து, பதிவு எண் கேட்டுப் பாருங்க. முனகுவாரு, கேளுங்க.