ஷோகேஸில் எட்டு பொம்மை, உள்ளே வர ஆள் இல்லை: ஜவுளிக்கடை டிஸ்ப்ளே பற்றி

விளக்குத்தூண்_ஜவுளி:
மதுரை விளக்குத்தூண் பக்கத்துச் சந்தில் மேற்குப் பார்த்த கடை. அகலம் 16 அடி, உள்நீளம் 45 அடி. முன்னால் 10 அடிக்குக் கண்ணாடி ஷோகேஸ், அதில் எட்டு பொம்மை. முன்பக்கம் சுங்குடி, காட்டன் சேலை, நடுவில் பட்டு, கடைசியில் வேட்டி சட்டை. வேலைக்கு ஆறு பேர், யாருக்கும் டிஸ்ப்ளே பழக்கம் இல்லை.

பொம்மைக்குக் கட்டின சேலை மாதத்துக்குள் வெளுத்துவிடுகிறது. "உள்ளே ஒரு கலர், வெளியே ஒரு கலர்" என்று சேலையைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். பின்பக்க ரேக்கை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வாசலில் தோரணமாகத் தொங்கவிட்டால் சரியாகும் என்கிறார் முதலாளி. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

ஒளி_வேலை:
விளக்கிலிருந்து ஆரம்பிங்க சார். நிறம் மாறித் தெரிவதற்குத் துணி காரணம் இல்லை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு: எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள். சிஆர்ஐ என்பது நிறங்களை விளக்கு எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்ற அளவு, உச்சம் 100. கடைகளில் மாட்டுகிற 6500 கெல்வின் நீலவெள்ளை எல்இடியில், அதுவும் சிஆர்ஐ குறைந்த சரக்கில், அரக்கு பிரவுனாகத் தெரியும், சிவப்பு சோர்ந்துபோகும். சிஆர்ஐ 90க்கு மேல், ஆர்9 50க்கு மேல் என்று கேட்டு வாங்குங்க. அழுத்தமான சிவப்பை விளக்கு எந்த அளவுக்கு உள்ளபடி காட்டுகிறது என்பதைச் சொல்வது அந்த ஆர்9. பல பெட்டிகளில் போட்டிருக்காது, விவரச் சீட்டைக் கேட்க வேண்டும். காட்டன் பக்கம் 4000 கெல்வின், பட்டுப் பக்கம் 3000. ஜரிகை மஞ்சளாக எடுப்பாகத் தெரியும். ஒரே கவுண்டருக்கு மேல் இரண்டையும் கலந்தால் முந்தி ஒரு நிறம், உடல் ஒரு நிறமாகிவிடும்.

விளக்கைப் பொம்மையின் தலைக்கு நேர் மேலே மாட்டினால் கொசுவத்தில் நிழல் விழுந்து சேலை அழுக்காகத் தெரியும். கூரை 10 அடி என்றால், பொம்மைக்கு 3 அடி முன்னால் ஸ்பாட் லைட்டை மாட்டி, மார்பு உயரத்துக்குச் சாய்த்துத் திருப்புங்க. செங்குத்திலிருந்து 30 டிகிரி வரும். 24 டிகிரி விரிவுள்ள விளக்கு அந்தத் தூரத்தில் இரண்டே முக்கால் அடி வட்டத்துக்கு வெளிச்சம் போடும், ஒரு பொம்மைக்கு அது போதும்.

வெளுப்பதற்குக் காரணம் சாயங்கால வெயில். கண்ணாடியில் புறஊதா தடுக்கும் ஃபிலிம் ஒட்டினால் குறையும், நிற்காது. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் சாயத்தைத் தின்னும். மூன்றரை மணிக்கு மேல் வெயில் தாழ்வாக வருவதால் மேலே தகரச் சார்ப்பு மட்டும் போதாது. மேலிருந்து இறக்குகிற தட்டி ஒன்று வேண்டும். வாரம் ஒருமுறை சேலையை மாற்றியே ஆகணும். மடிப்பு ஓரத்தில் மட்டும் வெளுத்த கோடு விழுந்துவிட்டால் அந்தச் சேலையைப் பிறகு முழு விலைக்கு விற்க முடியாது.

கொசுவம்_பின்:
10 அடிக்கு எட்டு பொம்மை என்றால் எதுவுமே கண்ணில் நிற்காது. மூன்று வையுங்க: நடுவில் உள்ளதை 6 அங்குலப் பலகைமேல் ஏற்றி, மற்ற இரண்டையும் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி. பகலில் தெரு வெளிச்சத்தில் கண்ணாடி ஆளையே திருப்பிக் காட்டும். அதனால் பொம்மையைக் கண்ணாடிக்குப் பக்கமாகக் கொண்டுவாங்க, பின்னால் வெளிர் நிறத் திரை போடுங்க.

கட்டும்போது: பொம்மை இடுப்பு வழுக்கும். பாவாடை போட்டு, காட்டன் நாடாவை இறுக்கிக் கட்டின பிறகுதான் சேலை. கொசுவம் 5 அங்குல அகலத்தில் ஆறு மடிப்பு, அடி ஓரம் ஒரே மட்டத்தில் இருக்கணும். கஞ்சி போட்ட சுங்குடி நின்றுகொள்ளும். பட்டு சரியும், அதனால் உள்பக்கம் இரண்டு இடத்தில் பின் குத்துங்க. மெல்லிய துருப்பிடிக்காத பின், ஜரிகையில் குத்தவே கூடாது, இழுத்தால் இழை அறுந்து வெளியே வரும். முந்தியில் முழு வேலைப்பாடும் தெரிய ஒரு மீட்டருக்குக் குறையாமல் விரித்துவிடுங்க.

பொம்மைக்குக் கட்டினதைத்தான் முதலில் கேட்பார்கள். அந்த ரகத்தில் ஐந்து சேலையாவது உள்ளே இருக்கா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்க.

மாசிவீதி_சூப்பர்வைசர்:
மூன்று பொம்மை என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை. காலியான ஷோகேஸைப் பார்த்தால் "இது பெரிய விலைக் கடை" என்று நம்ம ஊர்ச் சனம் ஒதுங்கிப் போய்விடும். நான்கு வையுங்க, ஒவ்வொன்றின் காலடியிலும் தெருவிலிருந்து படிக்கிற அளவில் விலைச்சீட்டு வையுங்க. விலை தெரியாத பயம்தான் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்துகிறது. தோரணம் வேண்டாம்: உள்ளே என்ன இருக்கு என்பதையே அது மறைக்கும், தூசியும் படியும்.

வாசலைத் தாண்டின முதல் 5 அடியில் எதையும் குவிக்காதீங்க. வெயிலிலிருந்து வருகிறவர் கண் பழகுவதற்குள் அதைக் கடந்துபோய்விடுவார். நடைபாதை 4 அடி வேணும். பிள்ளையைக் கையில் பிடித்து வருகிற அம்மா அதுக்குக் குறைந்த சந்தில் நிற்கமாட்டார்.

ரேக்கில் 4 முதல் 5 அடி உயரம்தான் விற்கிற இடம். 2 அடிக்குக் கீழே ஸ்டாக், 6 அடிக்கு மேலே காட்சிக்கு மட்டும். ஒரு நிறத்தை மேலிருந்து கீழே பத்தி மாதிரி அடுக்குங்க, இடமிருந்து வலம் வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம். படுக்கை வரிசையாக அடுக்கினால் கீழே போன நிறம் விற்காது. மடிப்பு முனை வாடிக்கையாளரைப் பார்க்கணும். காட்டன் எட்டுக்கு மேல் அடுக்காதீங்க, அடிச் சேலையை உருவும்போது மொத்தமும் சரியும். பட்டு ஐந்து போதும், அதையும் அவ்வப்போது மடிப்பை மாற்றி மடிங்க. ஒரே கோட்டில் கிடந்தால் ஜரிகை அங்கேயே அறும்.

பின்பக்கத்துக்கு ஒரு வழி: கடைசிச் சுவரில் வாசலிலிருந்து தெரிகிற மாதிரி ஒரு பொம்மைக்கு வேட்டி சட்டை போட்டு, கடையிலேயே பளிச்சென்ற ஸ்பாட் லைட்டை அதன்மேல் விடுங்க. கண் போகிற பக்கம் கால் போகும்.

கவுண்டரில் ஒரே நேரத்தில் எட்டு சேலைக்கு மேல் விரிந்து கிடக்கக் கூடாது. கூட்ட நேரத்தில் ஆறு பேரில் ஒருவர் மடிக்க மட்டும்.

விளக்குத்தூண்_ஜவுளி:
ரொம்ப நன்றி. இன்னும் ஒன்று: கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த சுங்குடிக்கும் பிரிண்ட் சுங்குடிக்கும் விலை வித்தியாசம் ஏன் என்று தினமும் கேட்கிறார்கள். அதை எப்படிக் காட்டுவது?

கொசுவம்_பின்:
இரண்டையும் ஒரே அடுக்கில் கலக்காதீங்க. மதுரைச் சுங்குடி 2005ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு, கை முடிச்சுக்குத் தனி ரேக் கொடுங்க. கண் உயரத்தில் கை முடிச்சுச் சேலை ஒன்றைத் தொங்கவிட்டு, ஒரு ஜாண் இடத்தில் முடிச்சைப் பிரிக்காமல் விடுங்க. பிரித்த இடத்தில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, விரலில் சுருக்கம் தட்டும். பக்கத்திலேயே பிரிண்ட் துண்டு ஒன்றை வைத்தால் போதும், தட்டையாக, எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருப்பது தெரிந்துவிடும். "தொட்டுப் பாருங்கள்" என்று ஒரு சீட்டு ஒட்டுங்க. தொடுகிற துண்டு அழுக்கேறும், மாதம் ஒருமுறை மாற்றுங்க. சித்திரைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்னாடியே அந்த ரேக்கை முன்னால் கொண்டுவந்து, அழகர் ஆற்றில் இறங்குவதை மனதில் வைத்துப் பச்சையை நடுவில் வைங்க.